அக்கா பக்கம்

பூண்டுக் கணக்கு நோட்டில்
முப்பத்தேழாம் பக்கம் அக்காவுடையது.
முதல் வரி மட்டும் அப்பாவின் கையெழுத்து:
"யோகா – ஏரோ – 1,40,000."
ஏரோ என்றால் ஏரோட்டுவது இல்லை என்று
அந்த வாரம் முழுக்கப் பூம்பாறையில்
விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வருஷம் வடுகபட்டியில் கிலோ நூற்று நாற்பது.
ஆயிரம் கிலோ, ஒரு வருஷப் படிப்பு.
கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்ததில்
அவருக்கு ஒரு திருப்தி,
குழந்தை வேலப்பரே பேசி முடித்த விலை மாதிரி.

மறு வருஷம் அறுபதுக்கு இறங்கியது.
ஃபீஸ் இறங்கவில்லை.
அது பறக்கிற படிப்பு.

கொடைக்கானல் பேங்கில் மேனேஜர் நல்லவர்.
நாலு லட்சம் வரைக்கும் பட்டா கேட்க மாட்டோம் என்றார்.
படித்து முடிக்கும்வரை கட்டவே வேண்டாம் என்றார்.
வட்டி மட்டும்
ஒரு அரியர்கூட இல்லாமல்
செமஸ்டருக்குச் செமஸ்டர் பாஸாகிக்கொண்டே வந்தது.

மற்ற வரிகள் நான் எழுதியவை.
"காற்றுச் சுரங்கம், லேப் கட்டணம், 3,500."
அம்மா நம்பவில்லை. காற்றுக்கா?
ஆடியில் எங்கள் கூரைத் தகரத்தைப் பிடுங்கி
இரண்டு படி கீழே
கோபால் மன்னாடியார் தோட்டத்தில்
குப்புற வைத்துவிட்டுப் போகிற காற்று
ஒருநாளும் ரசீது கொடுத்ததில்லை.

"மெஸ் பில், மார்ச்.
வராத நாட்கள்: எட்டு. கழிவு: 720."
அந்த மார்ச்சில் அவள் ஊருக்கு வரவே இல்லை.
சாப்பிட்டியா என்று அம்மா போனில் கேட்டபோதெல்லாம்
சாம்பார் நல்லாவே இல்லைம்மா என்று
சாப்பிட்டவள் மாதிரியே குறை சொன்னாள்.
கழிவை எழுதினேன்.
நாட்களை எழுதவில்லை.

நாலாம் வருஷம் புராஜெக்ட்.
நாலு பேர் சேர்ந்து ஆளில்லாத ஒரு சின்ன விமானம்,
தலைக்கு இருபத்திரண்டாயிரம்.
அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய விதைப்பூண்டை
அப்பா கொத்துக் கொத்தாக இறக்கினார்.
விற்கிற பூண்டு வேறு, விதை வேறு.
வாங்க வந்த மன்னவனூர்க்காரர்கூட
"விதையையா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான்
தராசை எடுத்தார்.

விமானம் பதினொரு விநாடி பறந்ததாம்.
வீடியோ அனுப்பியிருந்தாள்.
அப்பா முப்பது நாற்பது தடவை பார்த்திருப்பார்.
புல்லில் விழுகிற இடத்துக்கு முன்னாலேயே
நிறுத்தப் பழகிக்கொண்டார்.

அந்தப் போகம் மேல்தோட்டம் சும்மா கிடந்தது.
பாலிடெக்னிக்குக்கு நான் வாங்கி வைத்த அப்ளிகேஷன்
இப்போது இந்த நோட்டுக்கு அட்டை.
நல்ல கனமான தாள்.

வேலை கிடைத்துவிட்டது, சிறுசேரியில்.
ஏதோ ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் ஸ்கிரீனில்
பட்டனை அமுக்கினால் அடுத்த பக்கம் வருகிறதா
என்று பார்த்துச் சொல்லும் வேலை.
அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.
"விமானத்துக்கும் இன்சூரன்ஸ் உண்டுல்ல?"
"உண்டுப்பா."
"பிறகென்ன."

முதல் தவணை ஐப்பசியில்.
பூண்டு நடவும் ஐப்பசியில்தான்.
விதை வெளியில் வாங்கணும்.

அவள் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி கேட்டேன்,
"நிஜமா எப்படிக்கா மேலே நிக்குது அது?"
நோட்டிலிருந்து ஒரு ரசீதை உருவி
நீளவாக்கில் கிழித்து
கீழுதட்டோடு ஒட்டிப் பிடித்து
மேலாக ஊதினாள்.
தொங்கிய தாள் எழுந்து நின்றது.
"அவ்வளவுதான்டா. மேலே காத்து வேகமாப் போகணும்.
கீழே இருக்கிறது தூக்கிக் குடுத்துடும்."
சொல்லிவிட்டு ஏனோ பேசாமல் இருந்தாள்.

நானும் ஊதினேன். எழுந்தது.
சட்டென்று என் கையைப் பிடித்தாள்.
"டேய், இது ஒரிஜினலா?"

ஜெராக்ஸ் என்றேன்.
பக்கம் இரண்டு ரூபாய்.
அதுவும் எழுதியிருக்கிறேன்.